ஆபீஸுக்கும் அதே வண்டி, ஞாயித்துக்கிழமை நோண்டறதுக்கும் அதே வண்டி: பழைய கார் தேடறவங்களுக்கு

தினமும் ஆபீஸ் போய்ட்டு வரணும், லீவு நாள்ல பானெட்டத் தூக்கி வச்சு கையக் கறுப்பாக்கிக்கணும், ரெண்டுக்கும் சேத்து ஒரே ஒரு பழைய கார்தான் வாங்க முடியும்னு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். வீட்ல இன்னொரு நல்ல வண்டி நிக்குதுன்னா உங்களுக்கு இது தேவையே இல்ல, நீங்க எத வேணா வாங்கி ஆறு மாசம் செங்கல் மேல ஏத்தி வைக்கலாம். நமக்கு அந்தக் குடுப்பினை கிடையாது, திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வண்டி கெளம்பியாகணும்.

நான் இருக்கறது தாம்பரம் பக்கம், ஆபீஸ் கிண்டில. இப்ப ஓட்டறது 2003 மாடல் ஜென், அஞ்சாவது வருஷமா கூட இருக்கு. இதுக்கு முன்னாடி ஒரு செடான் வாங்கினேன், பேரு வேணாம், பாக்க ராஜா மாதிரி இருக்கும், ஓட்டறதுக்கும் சூப்பர், ஆனா ஒரு சென்சார் போயி அதுக்கு பார்ட்ஸ் தேடி மூணு வாரம் மின்சார ரயில்ல தொங்கிட்டுப் போனேன். அந்த மூணு வாரத்துல புரிஞ்சதுதான் இங்க பாதி.

மொதல்ல கணக்கு

போக வர 40 கிலோமீட்டர், மாசம் 24 நாள்னு வச்சா 960 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் வண்டி ஏசி போட்டு சிட்டி டிராஃபிக்ல 14 குடுத்தா சந்தோஷப்பட்டுக்கணும், அப்ப கிட்டத்தட்ட 69 லிட்டர், லிட்டர் நூறு ரூபான்னா மாசம் ஏழாயிரம் பெட்ரோலுக்கே போகுது. இது நிறைய பேருக்குத் தெரிஞ்சதுதான். தெரியாதது இன்சூரன்ஸ் கணக்கு. தேர்ட் பார்ட்டிக்கு 2022ல நிர்ணயிச்ச ரேட் பாத்தீங்கன்னா 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபா, 1000ல இருந்து 1500 வரை 3,416, அதத் தாண்டினா ஒரேயடியா 7,897, இதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. அதாவது 993 சிசி ஜென்னுக்கும் 1.6 லிட்டர் இக்கானுக்கும் வருஷத்துக்கு ஆறாயிரம் வித்தியாசம், வண்டிய ஷெட்ல சும்மா நிறுத்தி வச்சிருந்தாக்கூட.

அப்பறம் ஒண்ணு. கையில ஒரு லட்சம் இருக்குன்னா ஒரு லட்சத்துக்கு வண்டி பாக்காதீங்க. அறுபது அறுபத்தஞ்சுக்குள்ள முடிச்சுட்டு மிச்சத்த அப்படியே தனியா வைங்க, அது மொத மூணு மாசத்துலயே கரைஞ்சிடும், நான் சொல்லி நீங்க நம்ப வேணாம், தானா தெரியும்.

எந்த வண்டி

ஒரு மாடல் மனசுல பட்டுச்சுன்னா வண்டியப் போய்ப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க ஏரியா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்க. முன்னாடி பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், லோயர் ஆர்ம், இந்த அஞ்சும் இருக்கான்னு கேளுங்க. கடைக்காரர் சேர்ல இருந்து எழுந்துக்காமயே பையனக் கூப்ட்டு எடுக்கச் சொன்னா தாராளமா வாங்கலாம். "ரெண்டு நாள் ஆகும், ஜி.பி. ரோட்டு பார்ட்ஸ் கடைங்கள்ல சொல்லி வாங்கித் தர்றேன்"னா யோசிக்கலாம். "அந்த வண்டியா, இன்னும் ஓடுதா?"ன்னு கேட்டா ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்குத் திரும்பிடுங்க.

இந்தப் பரீட்சைல பாஸ் ஆகறது பெரும்பாலும் மாருதிதான், வேற வழியில்ல. 800 இருக்கு பாருங்க, 1983 கடைசில வந்து 2014 ஜனவரி வரைக்கும் செஞ்சாங்க, அதே 796 சிசி இன்ஜின்தான் ஆம்னிலயும், அதனால எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கண்ணக் கட்டி விட்டாலும் வேலை தெரியும். எஸ்டீம்ல இருக்கற 1.3 இன்ஜின் குடும்பந்தான் ஜிப்ஸிலயும் மொத ஸ்விஃப்ட்லயும் வந்துச்சு, ப்ராஜெக்ட்டுக்குன்னு பாத்தா எஸ்டீம்தான் என் மனசுல மொத இடம், லேசான பாடி, நல்ல இழுவை. நான் ஏன் ஜென் வாங்கினேன்னா நல்ல பாடியோட கெடச்சது அதுதான். சான்ட்ரோ ஜிங்கும் பரவால்ல.

இக்கான் 1.6, பேலியோ 1.6, லான்சர், பழைய ஹோண்டா சிட்டி, இதெல்லாம் ஓட்டறவனுக்கான வண்டிங்க, எனக்கும் ஆசைதான். லான்சர் திருவள்ளூர்ல செஞ்சது, இக்கான் மறைமலைநகர்ல, நம்ம ஊர்ப் புள்ளைங்க வேற. ஆனா ஃபோர்டு 2021ல இங்க செய்யறத நிறுத்தறோம்னு அறிவிச்சிடுச்சு, மத்ததுக்கு பார்ட்ஸ் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல தேடித்தான் எடுக்கணும். ரெண்டாவது வண்டியா வாங்குங்க, மொதல்ல வேணாம். அம்பாசிடர், பத்மினி பத்தி நான் பேசவே போறதில்ல, அது வேற மதம்.

பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடற பழைய கார்புரேட்டர் வேணுமா, கம்ப்யூட்டர் பாத்து பெட்ரோல் பீச்சற எம்பிஎஃப்ஐ வேணுமான்னு ஒரு சண்டை எப்பவும் இருக்கும். கார்புரேட்டர நோண்டறது ஜாலி, ஒத்துக்கறேன், ஆனா மழைக் காலத்துல காலைல சோக் இழுத்துட்டு அஞ்சு நிமிஷம் உறுமிட்டு நிக்கறப்ப பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல மூடறது ஜாலி இல்ல. 2000க்கு அப்பறம் வந்த எம்பிஎஃப்ஐயா பாத்துக்கோங்க.

பேப்பர்

வண்டி நம்பர் கெடச்ச உடனே அரசாங்கத்தோட பரிவாஹன் ஆப்ல போட்டுப் பாருங்க. எத்தனாவது ஓனர், ஆர்சி எது வரைக்கும், இன்சூரன்ஸ் எப்ப முடிஞ்சது, ஃபைனான்ஸ் நிக்குதா, எல்லாம் வந்துடும். இ-சலான் பாக்கியும் தனியா பாத்துடுங்க, வாங்கின பிறகு அது உங்க தலைல. ஃபைனான்ஸ் காட்டுச்சுன்னா "அதெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சாச்சு சார்"ங்கற கதைய நம்பாம கடன் முடிஞ்சதுன்னு பேங்க் குடுக்கற என்ஓசியும் ஃபார்ம் 35ம் கையில வந்த பிறகு பணத்தப் பத்திப் பேசுங்க.

பழைய வண்டில முக்கியமான கேள்வி எஃப்சிதான், அதாவது வண்டி ரோட்ல ஓடத் தகுதியா இருக்குன்னு குடுக்கற சான்றிதழ். சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம், அதுக்கப்பறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். ஒருத்தர் திடீர்னு நல்ல விலைக்கு விக்கறார்னா மொதல்ல எஃப்சி தேதியப் பாருங்க, அடுத்த மாசம் முடியறதா இருக்கும். 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற ஃபீஸ் 5,000, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டினா 10,000ன்னு ஆக்கிட்டாங்க. நான் 2023ல கட்டினது ஐயாயிரம், 2028ல அதே வண்டிக்குப் பத்தாயிரம். அது மேல பசுமை வரி, எஃப்சிக்குக் காட்டறதுக்காகப் பண்ற டிங்கரிங், ஏஜென்ட் காசு. எஃப்சி இன்னும் மூணு வருஷமாவது இருக்கற வண்டிக்குப் பத்தாயிரம் கூடக் குடுத்தாலும் தப்பில்ல.

சேசிஸ் நம்பர ஆர்சியோட ஒப்பிட்டே ஆகணும். போட்டோ எடுக்கறத விட ஆர்டிஓல பண்ற மாதிரி பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு எடுங்க, நம்பர் ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சிருந்தாலோ வரிசை கோணலா இருந்தாலோ பென்சில்ல பளிச்சுனு தெரிஞ்சிடும். டாக்ஸியா ஓடிட்டு சொந்த போர்டுக்கு மாத்தின வண்டியான்னும் கேட்டுக்கோங்க. டெல்லி வண்டி சல்லிசா வருது, ஏன்னா அங்க வயசான வண்டிக்குக் கெடுபிடி, ஆனா அந்த ஊர் ஆர்டிஓ என்ஓசி, இங்க வரி, அலைச்சல் எல்லாம் சேத்தா அந்த சல்லிசு காணாமப் போயிடும்.

துரு, துரு, துரு

இங்கதான் கொஞ்சம் நிதானமா இருக்கணும். இன்ஜின் போனா பிரிச்சு வேலை பாத்துக்கலாம், கியர் பாக்ஸ் போனா புதுப்பேட்டைல இன்னொண்ணு கெடைக்கும், பாடி அரிச்சுப் போச்சுன்னா அது ப்ராஜெக்ட் இல்ல, உண்டியல். புதுசா வர்றவங்க எல்லாரும் இன்ஜின் சத்தத்தையே கேட்டுட்டு நிப்பாங்க, நானும் அப்படித்தான் நின்னேன். கீழ குனிஞ்சு பாக்கறவன்தான் பொழைப்பான்.

கடலோர ஊர் வண்டின்னா இன்னும் கவனம். எங்கெங்க பாக்கணும்னா, கதவுக்குக் கீழ ஓடற ரன்னிங் போர்டு, கதவோட அடி ஓரம், பேட்டரி வைக்கிற தட்டுக்குக் கீழ, டிக்கில ஸ்டெப்னிய வெளிய எடுத்துட்டு அந்தக் குழி, முன்னாடி ஷாக் அப்சர்பர் மேல வந்து உக்கார்ற இடத்தச் சுத்தி, கண்ணாடி பீடிங்கோட கீழ் மூலைங்க. ஒரு பிரிட்ஜ் காந்தத்துல மெல்லிசா துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க, தகரம்னா பிடிக்கும், பட்டி போட்டு இழுத்த இடத்துல வழுக்கி விழும்.

பல்லாவரத்துல ஒரு 800 பாக்கப் போனேன். வெளிய பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, சீட் கவர் புதுசு, ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை தூக்குது. டிரைவர் சைடு கார்பெட்டத் தூக்கி கட்டை விரலால லேசா ஒரு அழுத்து அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ள போயிடுச்சு, எடுத்துட்டுப் பாத்தா ஓட்டை வழியா தார் ரோடும் ஒரு நசுங்கின பிஸ்கட் கவரும் தெரியுது. ப்ரோக்கர் கொஞ்சம்கூட அசராம "சார் அது ட்ரெயின் ஹோல் சார், மழைத் தண்ணி போறதுக்குக் கம்பெனிலயே குடுத்தது"ன்னார். அந்த தைரியத்துக்காகவே ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.

வெள்ளத்துல நின்ன வண்டி இன்னொரு தலைவலி. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டுலயும் முங்கினது எத்தனையோ கழுவித் தொடைச்சு மார்க்கெட்டுக்கு வந்துச்சு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, கழுவறவங்க அந்த உள் சுத்துக்குப் போறதில்ல, அங்க சேத்துக் கறை கோடு போட்ட மாதிரி நிக்கும். சீட் தண்டவாளம், டேஷ் போர்டுக்கு அடியில இருக்கற ஸ்க்ரூ தலைங்க, ஒயர் கனெக்டர் உள்ள இதெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஆறு மணிக்குப் போங்க

காலைல ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லுங்க, போய் மொத வேலையா பானெட் மேல கை வைங்க. சூடா இருந்தா உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஏன்னு கேளுங்க. ஆறின வண்டி ஒரே செல்ஃப்ல எடுக்கணும். பின்னாடி ஒருத்தர நிக்க வைங்க, நீலமா புகை வந்தா ஆயில் எரியுது, வெள்ளைப் புகை சூடேறின பிறகும் நிக்காம வந்தா கூலன்ட் உள்ள போகுது, ஹெட் கேஸ்கெட் வேலை. கறுப்புன்னா பெட்ரோல் அதிகம், அது பெரிய விஷயமில்ல. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆயில் ஊத்தற மூடியத் திறந்து அடியில பாத்திருக்கணும், மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடிய ஆறின இன்ஜின்ல மட்டும் திறங்க, சூட்ல திறந்தீங்கன்னா மூஞ்சி போயிடும். உள்ள துருக் கலர்ல தண்ணி இருந்தா கூலன்ட்டே ஊத்தாம வெறும் பைப் தண்ணில ஓட்டியிருக்காங்க.

அப்பறம் ஏசி போட்டு நின்ன இடத்துலயே பதினஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. ரேடியேட்டர் ஃபேன் ஓடறது கேக்கணும், டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கிட்ட வந்து அங்கயே நிக்கணும். இந்தப் பதினஞ்சு நிமிஷம் ஓனர் கூட ஊர்க்கதை பேசுங்க, எதுக்கு விக்கறார்னு இப்பதான் வாய் தவறி வெளிய வரும்.

ஓட்டறப்ப ரேடியோவ அணைச்சுடுங்க. நாலாவது கியர்ல மெதுவாப் போய்ட்டிருக்கறப்ப ஆக்ஸிலேட்டர முழுசா அழுத்துங்க, சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறலன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சது. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு மெதுவாத் திருப்பினா முன்னாடி இருந்து டக் டக்னு சத்தம் வந்தா ஆக்ஸில் ஜாயின்ட். காலி ரோட்ல பிரேக் அடிச்சா நேரா நிக்கணும். ஸ்பீட் பிரேக்கர்ல கட கடன்னா புஷ், லிங்க் ராடு, இதெல்லாம் விலையக் குறைக்கறதுக்கு நல்ல சாக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது, பட்டன் தேயாம நிறைய இருந்தாலும் ஆறேழு வருஷமான டயர மாத்தத்தான் வேணும்.

உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்க ஒரு ஐநூறு ஆயிரம் குடுத்துக் கூட்டிட்டுப் போங்க, ப்ரோக்கரே கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேணாம்.

டெலிவரி

விலை பேசறது உங்க சாமர்த்தியம், அதுல நான் ஒண்ணும் புலி இல்ல. ஓனர் பேர் மாத்தற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து, ஓனரோட அடையாள அட்டை நகல், ஒரிஜினல் ஆர்சி. டெலிவரி நோட்டுல தேதி மட்டும் போடாதீங்க, நேரமும் எழுதுங்க, காலைல அவர் எங்கயாவது சிக்னல்ல மாட்டியிருந்தா சாயங்காலம் வாங்கின உங்களுக்கு எதுக்கு வம்பு. இன்சூரன்ஸ் பேர் மாத்த 14 நாள்தான், தள்ளிப் போட்டுட்டு மறந்துடாதீங்க.

மொத மாசம் ப்ராஜெக்ட் கிடையாது

வாங்கின அன்னைக்கே அலாய் வீல், ஆடியோன்னு ஓடாதீங்க. எல்லா ஆயிலும், எல்லா ஃபில்டரும், டைமிங் பெல்ட், பிளக், பிரேக் முழுசா பிரிச்சுப் பாக்கறது, கூலன்ட், இது கட்டாயம். பழைய ஓனர் "போன மாசந்தான் பெல்ட் மாத்தினேன்"னு சொல்வார், பில் காட்டினா நம்பலாம். ரப்பர் எதையும் நம்பாதீங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டிங்க அதுக்காக செஞ்சது இல்ல, இருபது வருஷமா காய்ஞ்சு கெடக்கற பெட்ரோல் ஹோஸ் அதுல இன்னும் சீக்கிரம் போகும். புது ஹோஸும் புது கிளிப்பும் சில நூறு ரூபா சமாச்சாரம், பெட்ரோல் நாத்தம் அடிச்சா அன்னைக்கு வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க.

இத நான் செய்யல. ரேடியேட்டர்ல துருத் தண்ணி இருந்தது தெரிஞ்சும் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு ஓட்டினேன், மூணாவது வாரம் கத்திபாரா மேம்பாலத்து மேல ஹோஸ் வெடிச்சு பானெட்ல இருந்து ஆவி, முள்ளு விறுவிறுன்னு மேல ஏறுது. அப்படியே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன், பின்னாடி பஸ்காரர் என் பரம்பரையையே விசாரிச்சார். ஜென் இன்ஜின் முழுக்க அலுமினியம், சூடேறி ஓட்டினா ஹெட் வளைஞ்சிடும். மெக்கானிக் அண்ணன் வந்து பாத்துட்டு சொன்னார், "கிண்டி வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்னு நினைக்காம நிறுத்தின பாரு தம்பி, அதுல உனக்கு முப்பதாயிரம் மிச்சம்."

இனிமே நோண்டலாம்

ரெண்டாவது மாசத்துல இருந்து ஒரு நோட்டு போடுங்க. வண்டில செய்யவேண்டிய எல்லாத்தையும் எழுதி மூணா பிரிங்க: ஒரு சாயங்காலத்துல முடியறது, ஒரு முழு நாள் வேணுங்கறது, ஒரு நாள்ல முடியாதது. மொத ரெண்டும் சனிக்கிழமைக்கு. மூணாவது ரகத்த பொங்கல், ஆயுத பூஜை மாதிரி சேந்தாப்ல லீவு வர்றப்ப வச்சுக்கலாம், ஆனா அந்த நாள்ல கடையும் மூடியிருக்கும்ங்கறது மறந்துடும், அதனால சாமான் எல்லாம் முன்னாடியே வாங்கி மேசை மேல பரப்பி சரி பாத்த பிறகுதான் மொத போல்ட்டக் கழட்டணும். திங்கக்கிழமைக்குள்ள திரும்ப மாட்ட முடியுமான்னு சந்தேகம் வந்தாலே அந்த வேலைய அன்னைக்கு ஆரம்பிக்கக் கூடாது.

வரிசைன்னு பாத்தா நிக்கறது மொதல்ல, அதாவது பிரேக், டயர். அப்பறம் கூலிங், ஒயரிங், சஸ்பென்ஷன், உள்ள சீட்டு லைட்டு, கடைசிலதான் பெயிண்ட். டூல்ஸ் நிறைய வேணாம், மாருதில பெரும்பாலும் 10, 12, 14, 17 ஸ்பேனர் சாக்கெட்டுலயே முடிஞ்சிடும், ஒரு மல்டிமீட்டர், ரெண்டு ஜாக் ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லாம வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க, இதுல விளையாட்டே கிடையாது.

மாடிஃபிகேஷன் ஆசை இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு ஒண்ணு இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, கம்பெனி குடுத்த அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. இன்ஜின் மாத்தறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ அனுமதி வேணும், கலர் மாத்தினா ஆர்சில ஏறணும். சத்தமான சைலன்ஸர் போட்டா போலீஸ்காரர் விடமாட்டார், அதுக்கு முன்னாடி அம்மா விடமாட்டாங்க.

சைலன்ஸர்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவ சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு கேஸ்கெட் தானேன்னு இன்ஜின்ல இருந்து சைலன்ஸர் பைப் வர்ற இடத்துல 12 ஸ்பேனர் போட்டேன். ரெண்டு நட்டு வந்துச்சு, மூணாவது டக்குனு ஸ்டட்டோட ஒடிஞ்சு கையில வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை லேத்து கிடையாது, பார்ட்ஸ் கடை கிடையாது. திங்கக்கிழமை காலைல அந்த ஒடிஞ்ச ஸ்டட்ட சட்டைப் பைல போட்டுக்கிட்டு தாம்பரத்துல ரயிலேறினேன், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல லேத்துக்காரர் அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "முந்தின நாளே டீசல் ஊத்தி ஊற வச்சிருந்தா வந்திருக்கும் சார்"ன்னார். நோட்டுல இப்ப வெள்ளிக்கிழமைக்குன்னே ஒரு பக்கம் இருக்கு, மறுநாள் கழட்டப் போற போல்ட்டுக்கெல்லாம் அன்னைக்கு ராத்திரியே டீசல்.